மாடல் விமானத்தின் கேனபியில் நெயில் பாலிஷ் ரிமூவர் படக்கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் பிளாஸ்டிக் மாடல் விமானம் கட்டுவது பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானம் நம் விமானப்படையிலிருந்து விடைபெற்றதிலிருந்து, அதன் மாடல் எங்கே கிடைக்கும், எப்படிக் கட்டுவது என்று பிள்ளைகள் என்னிடமே வந்து கேட்கிறார்கள். அந்த ஆசைக்குத் தீனி போட்டீர்கள், சந்தோஷம். ஆனால் கட்டுரையின் ஓரத்தில் ஒரு கட்டம் கட்டி, 'மங்கிப்போன கண்ணாடிப் பாகத்தை நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் புதுசு போல் ஆகிவிடும்' என்று போட்டிருந்தீர்களே, அது தவறு. சின்னத் தவறும் அல்ல. அதை நம்பித் துடைத்த பிள்ளையின் கையில் தயிர் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டுதான் மிஞ்சும்.

மாடல் பெட்டியில் வரும் அந்த ஒளி ஊடுருவும் பாகம், அதாவது விமானி உட்காரும் இடத்தை மூடும் கேனபி, பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். நெயில் பாலிஷ் ரிமூவரில் இருப்பது அசிட்டோன். 'அசிட்டோன் இல்லாதது' என்று எழுதி விற்பதில் பெரும்பாலும் எத்தில் அசிடேட் இருக்கும். இரண்டுமே பாலிஸ்டைரீனைக் கரைக்கிறவை. கரைப்பானை வைத்துக் கீறலைத் துடைக்கச் சொன்னால், கீறல் இருக்கிற பரப்பே கரைந்து இழுபடும். பஞ்சின் நார்கூட அதில் ஒட்டிக்கொண்டு வரும்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்கலாம். நான் கம்மவான்பேட்டைக்காரன். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பார்கள் என்று பெயரெடுத்த ஊர். எங்கள் வீட்டில் எல்லோரும் தரைப்படைக்குப் போக, நான் மட்டும் விமானப்படைக்குப் போய் விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிக்கும் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக மிக்-21 மீது வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விமானியின் தலைக்கு மேல் இருக்கும் கேனபியைக் கழுவித் துடைப்பதும் எங்கள் பொறுப்புதான். உண்மை விமானத்தில் அது அக்ரிலிக் என்ற வேறு பிளாஸ்டிக். முதலில் நிறைய தண்ணீர் விட வேண்டும். பிறகு துணி வேண்டாம், வெறுங்கையால் தடவ வேண்டும். மோதிரம், கடிகாரம் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு. ஒட்டியிருக்கும் மணல் விரல் நுனிக்குத்தான் தெரியும், துணிக்குத் தெரியாது. மணல் போனதென்று உறுதியான பிறகே மெத்தென்ற பருத்தித் துணி, அதுவும் நேர்கோட்டில். வட்டமாகத் தேய்த்தால் வட்டமாகவே மெல்லிய கீறல் விழும். சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் அந்தக் கீறலில் ஏதோ ஒரு பகுதி மின்னி, விமானியின் கண்ணை உறுத்தும். பெட்ரோல், தின்னர் வகையறா பக்கத்திலேயே வரக்கூடாது. எங்கள் சார்ஜென்ட் இதில் கொடுங்கோலர்.

கேனபி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஆரணி ரோட்டில் இருக்கிற சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனையில் எனக்குக் கண்புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். அந்த லென்ஸுக்கே மூலம் போர் விமானக் கேனபிதான் என்பது உங்கள் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. இரண்டாம் உலகப் போரில் குண்டடிபட்ட பிரிட்டிஷ் விமானிகளின் கண்ணுக்குள் உடைந்த கேனபியின் அக்ரிலிக் சில்லுகள் தங்கியிருந்தும் கண் அவற்றை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதை ஹரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் கவனித்தார். அதே வகை அக்ரிலிக்கில் லென்ஸ் செய்து 1949இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். இதை அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் சொன்னேன். "அப்ப நமக்கும் பைலட் லைசென்ஸ் குடுத்துருவாங்களா?" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். உண்மை விமானத்தில் அக்ரிலிக், மாடலில் பாலிஸ்டைரீன். மாடலின் உடல் பாகங்களும் பாலிஸ்டைரீன்தான் என்றாலும் அவை கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கேனபி வளையாது. பளிங்கு மாதிரி தெரிகிற அதே காரணத்தால் அது முறுகலானது. மேஜை மேல் விழுந்தால் 'கிண்' என்று உலோகம் மாதிரி சத்தம் வரும். வீட்டில் பழைய சிடி பெட்டி இருந்தால் அதன் மூடியும் இதே சரக்குதான். ஆகவே நான் எந்தப் பிள்ளைக்கும் முதலில் சொல்வது, கேனபியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சிடி மூடியைக் கீறி, அதை மறுபடி தெளிவாக்கிக் காட்டு என்பதுதான். அது வந்துவிட்டால் இதுவும் வரும். எந்தப் பாலிஷானாலும், எந்த வார்னிஷானாலும் முதல் சோதனை அந்த மூடியில்.

பெட்டியில் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் அச்சுச் சட்டத்திலிருந்து கேனபியைப் பிரிக்கும்போதே பாதி சேதம் நடந்துவிடுகிறது. நகவெட்டியால் ஒட்டக் கடித்து எடுப்பார்கள். கடித்த இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு விரிசல் உள்ளே ஓடும். சட்டத்தின் கிளையைக் கொஞ்சம் நீளமாக விட்டு, மெல்லிய ரம்பத்தால் அறுத்துவிட்டு, மீதியைத் தேய்த்து எடுக்க வேண்டும்.

கீறலா விரிசலா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். கீறல் வெள்ளையாகத் தெரிவது அழுக்கினால் அல்ல. அந்தப் பள்ளத்தின் சொரசொரப்பில் வெளிச்சம் சிதறுவதால். தண்ணீர் பள்ளத்தை நிரப்பினால் சிதறல் குறைந்து கீறல் மங்கிவிடும். அப்படி மங்கினால் அது மேற்பரப்புக் கீறல், சரிசெய்யலாம். தண்ணீர் வைத்துச் சாய்த்துப் பார்த்தும் உள்ளே ஏதோ மின்னினால் அது விரிசல். அதைத் தேய்த்துத் தேய்த்து மாயமாக்க முடியாது. சிலர் தண்ணீருக்குப் பதில் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்ப்பார்கள். வேண்டாம். எண்ணெயும் பாலிஸ்டைரீனுக்கு ஆகாது. இழுவிசை இருக்கிற இடத்தில் விரிசலை வளர்த்துவிடும்.

மேற்பரப்புக் கீறலைப் போக்குவது கைவேலை. லாங்கு பஜார் ஹார்டுவேர் கடைகளில் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், கிடைக்கும். நம்பர் கூடக் கூடத் தாள் மென்மையாகும். ஆழமான கீறல், அல்லது புடைத்த கேனபியின் நடு உச்சியில் அச்சுப் பொருந்திய கோடு இருந்தால் 1000 நம்பரில் ஆரம்பியுங்கள். லேசான கீறல் என்றால் 2000 போதும். தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, கேனபிக்குள்ளே துணி உருண்டை ஒன்றை அடைத்து, ஆள்காட்டி விரல் நுனியால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். கேனபி முழுக்கப் புகை பிடித்த மாதிரி ஆகும். எல்லாப் பிள்ளைகளுக்கும் வயிற்றைக் கலக்குவது இந்த இடம்தான். "தாத்தா, இன்னா இப்பிடி ஆயிடுச்சி" என்று அழாத குறையாக நிற்பார்கள். அது அப்படித்தான் ஆக வேண்டும். அடுத்து 1500, பிறகு 2000, கிடைத்தால் 2500. நம்பர் மாறும்போதெல்லாம் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்ற வேண்டும். நீளவாக்கில் தேய்த்த கோடுகள் எல்லாம் மறைந்து குறுக்குக் கோடுகள் மட்டும் தெரிந்தால்தான் அடுத்த நம்பருக்குப் போகலாம். நடுவில் நடுவில் கழுவ வேண்டும். பழைய தாளின் ஒரே ஒரு பெரிய துகள் தங்கிவிட்டால் புதிய தாளால் என்ன தேய்த்தும் பலனில்லை. இதில் அவசரப்பட்டு நம்பர் தாண்டுகிறவர்கள் கடைசியில் வந்து, பாலிஷ் சரியில்லை என்று பாலிஷைக் குறை சொல்வார்கள்.

வாட்டர் பேப்பர் முடிந்ததும் பாலிஷ். மாடல் கம்பெனிகள் விற்கும் பாலிஷிங் காம்பவுண்டுகள் நன்றாக இருக்கின்றன, விலைதான் கையைக் கடிக்கும். கார் பெயின்டிங் பட்டறைகளில் ரப்பிங் காம்பவுண்ட் இருக்கும், ஆனால் சிலவற்றில் கரைப்பான் கலந்திருக்கும். மறுபடியும் சிடி மூடி. என்னைப் போன்ற மாஜிகளின் வீட்டில் பிராசோ என்ற உலோக பாலிஷ் இல்லாமல் இருக்காது. பெல்ட் பக்கிளுக்கும் தொப்பிச் சின்னத்துக்கும் தேய்த்த பழக்கம். அதையும் பலர் கேனபிக்குப் பயன்படுத்துகிறார்கள், நன்றாகவே வேலை செய்யும். தேய்த்து முடித்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட வேண்டும், மேல்பூச்சுப் போட்ட கேனபிக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது. எதுவும் இல்லையென்றால் சாதாரண வெள்ளை டூத்பேஸ்ட். பழைய பனியன் துணியில் பட்டாணி அளவு எடுத்து, சொட்டுத் தண்ணீர் சேர்த்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். மெஷினில் தேய்த்தால் சீக்கிரம் முடியுமே என்று கேட்பார்கள். பாலிஸ்டைரீன் 100 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். சுழலும் சக்கரத்தின் உராய்வுச் சூடு அந்த ஒரு புள்ளியில் அதைத் தாண்டிவிடும். ஒரு நொடியில் குழி விழும்.

பாலிஷ் போட்டுக் கழுவிய பிறகு கேனபியை வெறும் விரலால் தொடாமல் சின்ன இடுக்கியால் பிடித்து, தண்ணீரில் கரையும் வகை அக்ரிலிக் கிளியர் வார்னிஷில் முக்கி எடுக்கலாம். வெளிநாட்டு மாடல்காரர்கள் இதற்கு ஃபியூச்சர் என்ற தரை பாலிஷை ரொம்ப காலம் பயன்படுத்தினார்கள்; அதுவும் அக்ரிலிக்தான். வாட்டர் பேப்பரும் பாலிஷும் எட்டாத நுண்ணிய கீறல்களை அந்தத் திரவம் நிரப்பிச் சமமாக்கிவிடும். எடுத்ததும் ஓரத்தை டிஷ்யூ காகிதத்தில் தொட்டு நிறுத்தினால் அதிகப்படியான திரவம் வடிந்துவிடும், இல்லாவிட்டால் கீழ் விளிம்பில் திரண்டு தடித்துப்போகும். உடனே மேலே ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்து ஒரு முழு நாள் திறக்காமல் விடுங்கள். பாலாற்றில் தண்ணீர் ஓடுகிற நாட்களை விட மணல் காற்று அடிக்கிற நாட்கள்தான் இங்கே அதிகம். ஈரப் பூச்சில் ஒரு தூசி உட்கார்ந்தால் அது அங்கேயே குடியிருக்கும். பூச்சு கெட்டுப்போனாலும் பாதகமில்லை. இந்தத் தரை பாலிஷ் வகைப் பூச்சை அமோனியா கலந்த தண்ணீர் கழற்றிவிடும், அடியில் இருக்கும் பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்தது பசை. இணைப்பில் 'உடனே ஒட்டும் பசையால் ஒட்டலாம்' என்று ஒரு வரி போகிற போக்கில் வந்திருந்தது. கடையில் ஃபெவிக்விக் என்று கேட்டு வாங்குகிற வகை சயனோஅக்ரிலேட் பசைகளைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். செருப்பு வாருக்கும் ஷீல்டு உடைந்ததற்கும் அது தெய்வம்தான். கேனபிக்கு மட்டும் எமன். அது காயும்போது எழும் ஆவி, காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பரப்பின் மேல் வெள்ளைப் பொடியாகப் படியும். அதிலும் முதலில் படிவது எங்கே என்றால், கேனபியைத் தூக்கிப் பொருத்திய விரலின் ரேகையில். போலீஸ் தடயப் பிரிவினர் கைரேகை எடுக்க இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். 1970களின் பிற்பகுதியில் ஜப்பான் போலீசார் தொடங்கிவைத்த முறை அது. எதிர்வீட்டுப் பையன் ஒட்டிக்கொண்டு வந்த மிக்-21இன் கேனபிக்கு உள்பக்கம் அவனுடைய கட்டைவிரல் ரேகை ஒரு கோடு விடாமல் பூத்து நின்றது. ஐப்பசி மழையில், காற்று ஈரமாக இருந்த நாளில் ஒட்டியிருக்கிறான், கேட்பானேன். வெளிப்பக்கம் பூத்தால் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். உள்பக்கம் பூத்து, காக்பிட்டும் மூடியாகிவிட்டது என்றால் பெயர்த்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேனபிக்கு ஏற்ற பசை வெள்ளைப் பசை, நம்முடைய ஃபெவிகால் வகைதான். பல்குத்தும் குச்சியின் நுனியில் எடுத்து விளிம்பில் தடவிப் பொருத்தி, பிதுங்கியதை ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம். காய்ந்தால் தெளிவாக இருக்கும், ஆவி கிடையாது. இன்னொரு நன்மை, நாளைக்கே உள்ளே ஒரு தூசி விழுந்துவிட்டால் ஓரத்தில் ஈரப் பஞ்சை வைத்துக் காத்திருந்தால் கேனபி தானாக விட்டுக்கொடுக்கும். பலமாக ஒட்டாதே என்று சிலர் தயங்குவார்கள். நம் மாடல் பறக்கப் போவதில்லை. பயணிகள் விமான மாடலின் பொட்டு ஜன்னல்களுக்கு இந்தப் பசையே கண்ணாடியாகவும் ஆகும். ஓட்டையின் ஓரத்தில் குச்சியால் சுற்றி இழுத்தால் மெல்லிய படலமாக நின்று காய்ந்துவிடும்.

'பிஸ்' என்கிற ரக மிக்-21இன் கேனபி வலப்பக்கம் சாய்ந்து திறக்கும். திறந்த நிலையில் ஒட்ட ஆசைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பின்பக்கமோ முன்பக்கமோ தூக்கி ஒட்டிய பிஸ்களைப் பார்க்கும்போது எனக்கு வேறு எந்தக் கீறலும் கண்ணில் படுவதில்லை.

இனி நான் உண்மையில் எழுத உட்கார்ந்த விஷயம். வேலூரில் ஒரு பள்ளியின் வரவேற்பு அறைக் கண்ணாடி அலமாரியில், பழைய மாணவர்கள் கொடுத்த விமான, கப்பல் மாடல்கள் வரிசையாக இருக்கின்றன. ஆண்டு விழாவுக்காக அலமாரியைச் சுத்தம் செய்தவர்கள், கதவுக்குப் பெயின்ட் அடித்த மிச்சத் தின்னரை எடுத்து மாடல்களின் கேனபிகளையும் துடைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். நான் போனபோது ஒரு கேனபியில் துடைத்த துணியின் நெசவு, ஊடும் பாவுமாக, அப்படியே பதிந்திருந்தது. பிளாஸ்டிக் இளகிய நொடியில் துணியை அழுத்தியிருக்கிறார்கள். மாடல்களுக்கு மேல் மூடியிருந்த அக்ரிலிக் பெட்டியை சானிடைசர் போட்டுத் துடைத்திருந்தார்கள். 2020க்குப் பிறகு மேஜை, நாற்காலி, கைப்பிடி எல்லாவற்றையும் அதனால் துடைக்கும் பழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டதே. அக்ரிலிக்கை அறுத்து, வளைத்து, திருகு போட்டு முடுக்கிய இடங்களில் இழுவிசை தங்கியிருக்கும். ஆல்கஹால் பட்டதும் அந்த இடங்களில்தான் மயிரிழை விரிசல்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பும். அந்தப் பெட்டியில் ஒவ்வொரு திருகைச் சுற்றியும் அப்படியே கிளம்பியிருந்தது. பாலிஷ் போட்டுப் போகாது, பெட்டியை மாற்றத்தான் வேண்டும்.

துடைத்த ஊழியரைக் குறை சொல்ல நான் தயாரில்லை. அவருக்கு யார் சொன்னார்கள்? 'பிளாஸ்டிக், அதனால் தண்ணீரும் பனியன் துணியும் போதும்' என்று ஒரு சீட்டு அலமாரிக்குள் ஒட்டியிருந்தால் அவர் தின்னரைத் தேடியே போயிருக்க மாட்டார். உலர்ந்த துணியால் துடைப்பதும் சரியல்ல. தேய்க்கத் தேய்க்க மின்னேற்றம் உண்டாகி முன்பைவிட அதிகத் தூசியை இழுக்கும். துணி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டச் சொட்ட வேண்டியதில்லை. மாடல்களில் தூசி கனமாக இருந்தால் முதலில் மெல்லிய பெயின்டிங் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பிறகு ஈரத் துணி. நம்மூர் தூசியில் மணல் உண்டு, எடுத்த எடுப்பில் துணியைப் போட்டால் அதுவே உப்புத்தாள்.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் சில வார்த்தைகள். பீரோவில் துணிக்கு நடுவே மாடலைப் பத்திரப்படுத்துவார்கள். அங்கே நாப்தலின் உருண்டை இருக்கும். அந்த ஆவி பாலிஸ்டைரீனை இளக்கும். மென்மையான பிவிசி உறையில் சுற்றி வைப்பதும் ஆபத்து. ஜியோமெட்ரி பாக்ஸில் லீவு முழுக்கக் கிடந்த அழிரப்பர், பிளாஸ்டிக் ஸ்கேலோடு உருகி ஒட்டியிருப்பதைப் பார்க்காத பிள்ளை உண்டா? ரப்பர் என்று நாம் சொல்கிற அந்த வினைல் துண்டை மென்மையாக்கச் சேர்த்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து ஸ்கேலுக்குள் இறங்குவதால் வரும் வினை அது. பிவிசி உறையும் கேனபிக்கு அதையேதான் செய்யும். வெறும் வெள்ளைக் காகிதத்தில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்தால் போதும்.

ஜன்னலோரத்தில் வைத்தால் வெயிலின் புற ஊதாக் கதிர் பாலிஸ்டைரீனை மஞ்சளாக்கும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூடிய காரின் டேஷ்போர்டில் அலங்காரமாக வைத்த மாடலின் கேனபி நெளிந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். மஞ்சளான கேனபியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மஞ்சளானது மேல்பூச்சா, பிளாஸ்டிக்கா? கண்ணுக்குத் தெரியாத விளிம்பில் அமோனியாத் தண்ணீரால் பூச்சைக் கழற்றிப் பாருங்கள். அடியில் நிறமில்லாமல் தெளிவாக இருந்தால் பிழைத்தது. அடியும் மஞ்சள் என்றால் புதுக் கேனபிதான்.

புதுக் கேனபிக்கு எங்கே போவது? கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் இருக்கிறது. பெட் (PET) என்ற பிளாஸ்டிக்கான அந்தப் பாட்டிலை இழுத்து ஊதித்தான் செய்கிறார்கள். சூடு காட்டினால் இழுத்ததெல்லாம் மறுபடி சுருங்கப் பார்க்கும். கேனபியின் வடிவத்தை மரத்தில் செதுக்கி, பிளாஸ்டிக்கின் கனத்துக்காக ஒரு நூல் அளவு சின்னதாக வைத்து, மரத்தின் ரேகை தெரியாதபடி சீலர் அடித்து வழவழப்பாக்க வேண்டும். இல்லாவிட்டால் ரேகை கேனபியில் அப்படியே பதியும். பாட்டிலின் அடியை வெட்டி, மரக்கட்டையை உள்ளே நுழைத்து, மொபைல் ரிப்பேர் கடைகளில் இருக்கும் ஹாட் ஏர் கன்னால் சுற்றிச் சுற்றிச் சூடு காட்டினால், பாட்டில் கட்டையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பாட்டிலில் எழுத்தோ வரியோ இல்லாத வழவழப்பான பகுதி, கேனபியின் உச்சிக்கு நேராக வர வேண்டும். ஒரே இடத்தில் சூட்டை நிறுத்தினால் வெளுத்துப்போகும். ஆறியதும் பிளேடால் கேனபி விளிம்பின் கோட்டில் வெட்டி எடுத்துவிடலாம். இதைப் பெரியவர்கள் செய்துதர வேண்டும், பிள்ளைகள் கையில் ஹாட் ஏர் கன்னைக் கொடுக்கக் கூடாது. இப்படி வரும் கேனபி பெட்டியில் வந்ததைவிட மெல்லியதாக இருப்பதால், உள்ளே இருக்கும் இருக்கையும் மீட்டர்களும் இன்னும் தெளிவாகத் தெரியும். மஞ்சளான பழைய மாடல்களுக்கு மட்டுமல்ல, புதியதற்கும் நான் இதையே சிபாரிசு செய்வேன்.

அரக்கோணம் ராஜாளி தளத்துக்குப் போய் இறங்கும் கடற்படை விமானங்களை அண்ணாந்து பார்த்து வளர்கிற பிள்ளைகள் நம் பழைய வட ஆற்காடு முழுக்க இருக்கிறார்கள். ஒரு மாடல் பெட்டி வாங்க அவர்கள் எவ்வளவு நாள் காசு சேர்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உடலில் பிழை வந்தால் புட்டி வைத்து மறைக்கலாம், மேலே பெயின்ட் அடிக்கலாம். கேனபியை எதை வைத்தும் மறைக்க முடியாது. அதனால்தான் உங்கள் இணைப்பில் வந்த அந்த ஒரு கட்டத்துக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருந்தது.

கடிதம் நீளம்தான், வெட்டுவீர்கள். என் விமானப்படைக் கதையை வெட்டுங்கள், ஷெல் மருத்துவமனைக் கதையையும் வெட்டுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், சானிடைசர், உடனடிப் பசை, நாப்தலின் ஆகிய ஐந்தும் கூடாது என்ற பகுதியை மட்டும் விட்டுவைக்க வேண்டும். திருத்தத்தை மாணவர் இணைப்பிலேயே, அதே பக்கத்தில், அதே அளவுக் கட்டத்துக்குள் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியர் கடிதப் பகுதியில் வந்தால் பிள்ளைகள் கண்ணில் படாது. மாடல் அலமாரி வைத்திருக்கும் பள்ளித் தலைமையாசிரியர்கள் அந்தக் கட்டத்தைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப்படை ஏர்ஃப்ரேம் ஃபிட்டர்,
கம்மவான்பேட்டை, வேலூர் மாவட்டம்.